மறு: ஒன் பீஸ் கிராங்க் – 'ஒற்றை வணரி' போதுமா?

வணக்கம் ஐயா,

சைக்கிள் பாகங்களுக்கு நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன்; ஒவ்வொன்றாக என் கருத்து. முதலில் ஒன் பீஸ் கிராங்க், அதாவது இரண்டு பெடல்களையும் தாங்கிச் சுற்றும் தண்டு.

> 'ஒற்றை வணரி' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

'வணரி'யில் எனக்குத் தகராறு இல்லை. யாழின் வளைந்த தண்டை 'வணர்கோடு' என்றவர்கள் நம்மவர்கள். கிராங்க்குக்கு அந்த வேர் பொருத்தமே. இடிப்பது 'ஒற்றை'தான். காதில் விழுந்ததும் ஒரு பக்கம் மட்டும் கை உள்ள கிராங்க் என்று தோன்றுகிறது. இங்கே இரண்டு கைகளும் நடு அச்சும் சேர்ந்து ஒரே எஃகுத் தண்டு. இடது பெடலைக் கழற்றி, அந்தப் பக்கத்து நட்டையும் கோனையும் (குண்டுகளைத் தாங்கும் கூம்பு வடிவத் துண்டு) எடுத்துவிட்டால், முழுத் தண்டையும் வலப்பக்கமாக வளைத்து நெளித்து வெளியே உருவிவிடலாம். அந்த வளைவு நுழைவதற்காகத்தான் சட்டத்தின் துளையே 51.3 மில்லிமீட்டர் அகலம். எனவே 'ஓருடல் வணரி' என்பது என் பரிந்துரை.

> லெஃப்ட் த்ரெட்டுக்கு 'இடம்புரி மரை'. சங்கு இருக்க வேறு சொல் எதற்கு?

இங்கேதான் சிக்கல். வலம்புரிச் சங்கை வாய்ப்புறம் நம்மைப் பார்க்க, சுருள் நுனி மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள்: வாய் இடப்பக்கம் வரும். உயிரியலார் அதை இடச்சுருள் என்றே வகைப்படுத்துகிறார்கள். திருகாணியின் கணக்கிலும் அது லெஃப்ட் த்ரெட்டேதான், அதாவது இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும் மரை! ஆக, சங்கை நம்பி 'இடம்புரி' என்று எழுதினால் நேர் எதிரான மரையைக் குறித்தவர்கள் ஆவோம்.

'எதிர்மரை' என்று முதலில் யோசித்தேன். வாய்விட்டுச் சொன்னால் 'எதிர்மறை' என்றே கேட்கிறது. (மரை கழன்ற யோசனை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.)

சொல் எதுவானாலும், எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்குத் தெரிய வேண்டும். போன வாரம் பழைய சைக்கிள் ஒன்றில் கிராங்க் ஆடியது. இடப்பக்கத்து லாக் நட்டை (கோன் நகராமல் பூட்டும் நட்) வழக்கம்போல இடஞ்சுழியாகத் தளர்த்தப் பார்த்தேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்றதுதான் மிச்சம், இறுகிக்கொண்டே போனது. வலஞ்சுழியாகத் திருப்பியதும் சட்டென்று விட்டது. அப்புறம் நாக்கு வைத்த வாஷரை எடுத்துவிட்டு, கோனை இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். ஆட்டம் முழுதும் போகும்வரை இறுக்கியது தப்பு. லாக் நட் ஏறும்போது கோனையும் சேர்த்து அழுத்தியதால் கிராங்க் கரகரவென்று சுற்றியது. மறுபடி தளர்த்தி, மயிரிழை ஆட்டம் விட்டு வைத்து, நட்டை இறுக்கினேன். ஆட்டமும் போனது, கரகரப்பும் போனது. வலப்பக்கத்துக் கோனோ சாதாரண மரை. ஒரே தண்டில் இரண்டு விதம்!

அதனால் 'இடமரை', 'வலமரை' என்று வைத்து, இடமரைக்கு எதிரே 'இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். அந்த வரி இல்லாமல் சொல் மட்டும் போனால் பயன் குறைவு.

> ப்ளே – 'இயக்க இடைவெளி'

இது வேண்டாம் ஐயா. 'கிராங்க்கில் ஆட்டம் இருக்கு' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, இதற்கு ஏன் புதுச்சொல்? 'ஆட்டம்' என்றே போடுங்கள்.

கோனை மட்டும் எப்படி எழுதுவது என்று தீர்மானிக்க முடியவில்லை. 'கூம்பு' என்றால் வடிவம் வந்துவிடுகிறது, ஆனால் அதன் வேலை குண்டுகளைத் தாங்குவது. 'குண்டுதாங்கிக் கூம்பு' வாயில் நுழையுமா? உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் 'கோன்' என்றே விட்டுவிடுகிறேன்.