நார்னியா: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது?

நண்பர்களே, வீட்டில் ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் தீர்த்து வைக்கணும்.

ஒன்பது வயது மகளுக்கு ராத்திரி படிச்சுக் காட்ட சி.எஸ். லூயிஸ் எழுதின நார்னியா வரிசையை, அதாவது நார்னியாங்கிற மாய உலகத்தைப் பத்தின சிறுவர் கதைகளை, எடுத்திருக்கேன். மொத்தம் 7 புத்தகம், 1950லிருந்து 1956 வரை வந்தவை. நார்னியா உருவான கதை 1955லதான் வந்தது, ஆறாவதா. ஆனா இப்போ விக்கிற செட்ல அதுக்குத்தான் 1ன்னு நம்பர். என் கணவர் அந்த நம்பர்படியே போகலாம்ங்கிறார். லூயிஸே 1957ல ஒரு சிறுவனுக்கு எழுதின கடிதத்தில் அந்த வரிசையை ஆமோதிச்சிருக்கார், அதுதான் இவருக்குத் துருப்புச்சீட்டு.

எனக்கு மனசு வரல. பொறுமை பார்க்காம முதல்ல வந்த புத்தகத்தை ரெண்டு அத்தியாயம் படிச்சுட்டேன். அலமாரிக்குள்ள தொங்குற கோட்டுகளைத் தாண்டி லூசி போறா, காலடியில பனி நொறுங்குது, மரங்களுக்கு நடுவுல ஒரு விளக்குக் கம்பம். உடனே இவ, "காட்டுக்குள்ள லைட்டை யாரும்மா நட்டாங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் அந்த நார்னியா உருவான கதையில இருக்கு. அதை முன்னாடியே படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதே!

குழந்தைகளுக்கு முழு வரிசையும் படிச்சுக் காட்டினவங்க யாராவது இருக்கீங்களா? எப்படிப் போனீங்க? குதிரையும் சிறுவனும் வர்ற கதை முதல்ல வந்த புத்தகத்தோட காலத்திலேயே நடக்குது, அதை எங்கே சொருகினீங்க? கடைசிப் புத்தகத்தை இந்த வயசில் படிக்கலாமா, ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாமா? எனக்கே அதைப் படிச்சப்போ தொண்டை அடைச்சுது.

முடிவை உடைச்சுடாம சொல்லுங்க, ப்ளீஸ். இவளும் எட்டிப் பார்ப்பா.