நிணநீர்ப் புற்றுநோய்: எல்டிஎச் அளவு கூடினால் சிகிச்சை பலிக்கவில்லை என்று பொருளா?

கேள்வி:
என் தாயாருக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்; ஆர்-சாப் என்னும் கூட்டு மருந்துக் கீமோ சிகிச்சை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் தொடக்கத்தில் 610 ஆக இருந்த எல்டிஎச் என்னும் நொதியின் அளவு, இரண்டாம் சுற்றுக்குப் பின் 240க்கு இறங்கியது. மூன்றாம் சுற்றின் பத்தாம் நாளில் எடுத்த ரத்தத்தில் 430 என்று வந்திருக்கிறது. கழுத்துக் கட்டி இப்போது கைக்குத் தட்டுப்படவே இல்லை. பிறகு ஏன் இப்படி ஏறியது? இரண்டு நாளாக உறக்கமில்லை.

பதில் 1:
பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவள் என்ற முறையில் சொல்கிறேன். எல்டிஎச் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உள்ள நொதி. செல் சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும், ஆனால் எந்தச் செல்லிலிருந்து வந்தது என்பதை அந்த எண் காட்டாது. நரம்பு சரியாகக் கிடைக்காமல் ரத்தத்தைச் சிரமப்பட்டு இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, சுழற்றிய குழாயில் வெளிர்மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாகிவிடும். அந்த மாதிரியில் எல்டிஎச் பொய்யாகக் கூடும். அறிக்கையில் 'ஹீமோலைஸ்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தாலும் இந்த அளவு உயர்வதுண்டு.

பதில் 2:
என் தம்பியின் சிகிச்சையின்போது நானும் இதே எண்ணைப் பார்த்து அஞ்சியவன். இந்நோயின் போக்கைக் கணிக்க 1993இல் வெளியான பன்னாட்டு முன்கணிப்புக் குறியீட்டின் ஐந்து கூறுகளில் எல்டிஎச் ஒன்று. அதன் முதன்மையான பயன் தொடக்கத்தில் நோயின் தீவிரத்தை மதிப்பிடுவதில்தான். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் ரத்தப் புரதத்தின் பயனும் அப்படியே. சிறுநீரகம் தளர்ந்தாலே அது கூடிவிடும். மருந்துக்கு நோய் எவ்வளவு பணிந்தது என்பதைப் நோய் இயங்கும் இடங்களைக் காட்டும் பெட் சிடி ஸ்கேனில், டோவில் என்னும் ஐந்து படி அளவுகோலைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். ஆயினும் அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் எண் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், நனைக்கும் இரவு வியர்வை, எடைக் குறைவு தென்பட்டாலோ, ஸ்கேன் நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அறிக்கையில் அந்தக் குறிப்பு இல்லை. ஆனால் வெள்ளணு ஊசியை இந்தச் சுற்றில்தான் முதன்முறையாகப் போட்டார்கள். நாளை மருத்துவரிடம் இதைச் சொல்லி, நான்காம் சுற்றுக்கு முன் மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறேன்.