கூடலூர்ச் சிறுவர் நூலகத்துக்கு நூல்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டக் கூடலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காகச் சிறு நூலகம் அமைத்து வருகிறோம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தோரின் வழிவந்த பிள்ளைகளும் பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிப்பதால், சாதி, கூலி, நில உரிமை ஆகியவற்றைச் சிறுவர் பார்வையில் பேசும் தமிழ் நூல்களைத் தேடுகிறோம். நன்கொடையாக வந்த ஒரு கதைநூலில் பழங்குடிச் சிறுமி தலையில் இறகு சூடி ஆடுகிறாள். இங்கே எவரும் அப்படிச் சூடுவதில்லை.

சிறியவர்களுக்குத் தூலிகா பதிப்பகத்தின் படநூல்கள் உள்ளன. பத்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் திண்டாட்டம். இரக்கப்பட்டு உதவும் பெரிய மனிதரை நாயகராக்காமல், தொழிலாளியின் மகளே முடிவெடுக்கும் கதைகள் இருப்பின், நூலின் பெயர், பதிப்பகம், ஏற்ற வயது ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன். மழைக்கால ஈரத்தில் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், தாளின் தன்மையையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.