புதுப்பிப்பு: தேகுக் இல் ஜாங் முடிவில் தொடங்கிய இடம் தாண்டிப் போவது (தீர்ந்தது)

நானும் என் ஒன்பது வயது மகளும் ஒரே டேக்வாண்டோ குடும்ப வகுப்பில் தேகுக் இல் ஜாங் பழகுகிறோம். தடுப்பும் குத்தும் உதையும் ஒரே வரிசையில் செய்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டிய அசைவுத் தொடர் இது. 18 அசைவுகளும் மனப்பாடம். ஆனால் கடைசிக் குத்தில் தொடங்கிய இடத்தைத் தாண்டியே நிற்கிறேன், ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பாதத்தால் அளந்து தரையில் டேப் ஒட்டச் சொன்ன யோசனை. நடை நிலையான அப் சொகிக்கு நம் பாதத்தால் மூன்று நீளம், முன் நிலையான அப் குபிக்கு நாலரை. நான் முன்னேறும்போது இரண்டையும் அதனதன் அளவில் மாறாமல் வைத்திருக்கிறேன். திரும்பி வரும் கடைசி இரண்டு அப் குபியை மட்டும், கியாப் (குத்தோடு போடும் சத்தம்) வேகத்தில், நன்றாக நீட்டியிருக்கிறேன். அதுதான் கோளாறு. டேப் ஒட்டிய பத்தாம் நாள் சரியாக வந்து நின்றேன். வேகத்தைக் கூட்டிப் பழகியது எனக்கு உதவவில்லை, தவறுதான் படிந்தது.

ஒரு விஷயம்: என் டேப் மகளுக்குப் பொருந்தாது, அவள் பாதத்துக்குத் தனியாக ஒட்ட வேண்டும்.

எதிர்பாராதது, அவள் எனக்கு முன்பே மஞ்சள் பெல்ட் வாங்கிவிட்டாள். வரிசை பெல்ட்படிதான் என்பதால் இப்போது அவளுக்குப் பின்னால் நிற்கிறேன். அங்கிருந்து அவள் கால்களைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்கிறேன், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம், டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் முறையில் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ‘டான்’ எனும் கறுப்பு பெல்ட் தரம் கிடையாது, அதற்கு ஈடாகச் சிறுவர்களுக்கான ‘பூம்’ மட்டுமே தருவார்கள். பிள்ளையோடு சேர்பவர்கள் இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவையுங்கள்.