காலை விறைப்பும் மூன்று சாப்பாட்டு முறைகளும்

எனக்கு 27 வயதில் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பும் இடுப்பு மூட்டும் அழற்சியால் இறுகும் வாதநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் மூன்று வருடம் வாயு, தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தே போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு இடுப்பு இறுகிப்போய் விழிப்பு வரும். எழுந்து வீட்டுக்குள் நடந்தால்தான் கொஞ்சம் விடும். படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற முதுகுவலி உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து வாதநோய் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் முயன்றது மாவுச்சத்துக் குறைப்பு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்த ஆலன் எப்ரிங்கர் 1996-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு மாவுச்சத்துதான் தீனி. அதன் புரதத்தில் ஒரு பகுதி, இந்த நோய் உள்ள எங்களில் பெரும்பாலோருக்கு உடலிலேயே இருக்கும் எச்.எல்.ஏ. பி27 என்ற புரதம் போலவே இருப்பதால், கிருமியை அடிக்கக் கிளம்பும் எதிர்ப்புசக்தி நம் மூட்டையும் சேர்த்து அடிக்கிறது என்பது அவர் கருத்து. இது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. தெரிந்துதான் இறங்கினேன்.

நம் வீட்டில் மாவுச்சத்து இல்லாத சாப்பாடு எது? டிஞ்சர் அயோடின் பாட்டிலோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். மாவுச்சத்து இருந்தால் சொட்டு பட்ட இடம் கருநீலமாக மாறும். சோறு, இட்லி, உருளைக்கிழங்கு எல்லாம் எதிர்பார்த்தபடியே கறுத்தன. கடைசியில் பெருங்காயத்தூளைத் தட்டில் கொட்டி ஒரு சொட்டு விட்டேன். மை கொட்டியது போல ஆகிவிட்டது. அம்மா டப்பாவை வாங்கி என்னிடமே நீட்டி, “படிடா தம்பி” என்றார். பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. தினமும் ரசத்திலும் சாம்பாரிலும் போட்டுக்கொண்டிருந்தோம்.

முட்டை, மீன், கீரை, பூசணி, சுரைக்காய், தயிர் என்று ஓட்டினேன். காலையில் விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது என்று நாட்காட்டித் தாளில் குறித்தேன். தொடங்கும்போது 90 நிமிடம். ஆறாவது வாரம் 35. அந்தச் சந்தோஷத்தில் யாரையும் கேட்காமல் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். மூன்றாவது மாதம் ஒரு காலை இடது கண் சிவந்து, ஜன்னல் வெளிச்சத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. கண்ணுக்குள் அழற்சி, யுவைட்டிஸ். இந்த நோயோடு வரக்கூடியதுதான், தாமதித்தால் பார்வைக்கே ஆபத்து என்று கண் மருத்துவர் சொன்னார். ஸ்டீராய்டு சொட்டு மருந்தில்தான் அடங்கியது.

அப்புறம் பேலியோ, அதாவது தானியத்தை விட்டுக் கொழுப்பும் புரதமும் அதிகம் சாப்பிடும் முறை. பட்டர் டீ, 100 பாதாம், முட்டை, ஆட்டுக்கறி. நாலு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது, நடை லேசானது. ஆனால் நாட்காட்டியில் நிமிடம் 40-க்குக் கீழே இறங்கவே இல்லை. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 118-லிருந்து 190-க்குப் போனது. அழற்சி வாதம் உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம் என்பதால் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டேன்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), ஒன்பது வருடமாக. வாரம் ஒருமுறை மீத்தோட்ரெக்சேட் என்ற, எதிர்ப்புசக்தியின் வேகத்தை அடக்கும் மருந்து போடுகிறேன். நான் போனது நேர் எதிர் வழி, முழுக்கத் தாவர உணவு. 1991-இல் நார்வேயின் ஆஸ்லோவில் முடக்குவாதக்காரர்கள் 53 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் ஏழு முதல் பத்து நாள் விரதம், பிறகு மூன்றரை மாதம் கோதுமையும் பாலும் முட்டையும் இல்லாத தாவரச் சாப்பாடு, அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பால். ஒரு வருடம் கழித்தும் அவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. விரதத்துக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. மற்றதைச் செய்தேன்.

சாமை, தினை, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, எள். உங்கள் கணக்கில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஆனால் மூன்றாவது மாதம், ஈரப் புடவையை நானே முறுக்கிப் பிழிந்தேன். ஏழு வருடமாக என் வீட்டுக்காரர்தான் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று அழுதேன். வலி மாத்திரையை மருத்துவரே குறைத்தார், மீத்தோட்ரெக்சேட் அப்படியே தொடர்கிறது.

ஆனால் எட்டாவது மாதம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது. பரிசோதித்தால் பி12 மிகக் குறைவு. பாலும் முட்டையும் நிறுத்துகிறவர்கள் முதல் நாளிலிருந்தே பி12 மாத்திரை போடுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இன்னொன்று, உங்கள் நோய் வேறு, என் நோய் வேறு. உங்கள் சாப்பாட்டை நானும் என் சாப்பாட்டை நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டால் சரியாக வராது என்றுதான் நினைக்கிறேன்.

*

சரிதான் தங்கச்சி. புடவை பிழிந்ததைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. நான் இப்போது ராத்திரி மட்டும் சோறு, இட்லி இல்லாமல் சாப்பிடுகிறேன். மருந்தை ஒரு நாளும் விடுவதில்லை. இன்று காலை 20 நிமிடம்.

வெள்ளை எள்ளை அரைத்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம், நிறம் மாறவில்லை. உளுந்து சேர்க்காமல் எள் துவையல் எப்படி அரைப்பது என்று அம்மா கேட்கச் சொன்னார். அளவோடு எழுதுங்கள்.