முடி வெட்டப் போகணும், நல்ல லேடீஸ் பார்லர் சொல்லுங்க அக்கா

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல இருக்கேன். பாப்பாவுக்கு நாலு மாசம். சீப்பை எடுத்தா கொத்துக் கொத்தா முடி வருது. நேத்து பாப்பா விரலைச் சுத்தி ஒரு முடி இறுக்கமாக் கிடந்துச்சு, பதறிட்டேன். மாசமா இருக்கையில கொட்டாம நின்ன முடிதான் இப்ப மொத்தமாக் கொட்டுதாம், ஒரு வருசத்துக்குள்ள பெரும்பாலும் சரியாயிரும்னு நர்ஸக்கா சொன்னாங்க. அதுவரைக்கும் இந்த இடுப்பு வரைக்கும் தொங்குற சடையை உப்புத் தண்ணியில அலசி, காய வச்சு, சிக்கெடுக்க எனக்குத் தெம்பு இல்ல. தோள் வரைக்கும் வெட்டிரலாம்னு இருக்கேன்.

"பொம்பளப் புள்ள முடியை வெட்டுவாளா"ன்னு அம்மா முணுமுணுக்குறாங்க. ஆனா பாப்பாவைத் தூக்கிட்டு கூட வர்றதும் அவங்கதான்!

உச்சிப்புளியிலயோ ராம்நாட்டுல கேணிக்கரை, பாரதி நகர் பக்கமோ பொம்பளைங்க மட்டும் வெட்டுற பார்லர் இருக்கா? நடுவுல பால் கொடுக்க ஒரு மறைவு வேணும். ஸ்ட்ரெய்ட்னிங், கலரிங்னு தலையில கட்டாத இடமா இருக்கணும். எவ்வளவு வாங்குவாங்க? கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குன்னு நான் செய்யுற முதல் செலவு இது, அதான் இவ்வளவு விசாரணை.