வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் தாய்மாருக்குத் தெம்பு தந்த சந்திப்புகள்

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து ஒரு தாய்:

வாடை தொடங்கிவிட்டது. உடுப்புக் காயாது, பிள்ளைகள் முற்றத்தில் இறங்க முடியாது, சின்னவளுக்குத் தடிமன், பெரியவனுக்கு எரிச்சல். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் நம்மைப் போன்ற தாய்மாருக்கு மனம் சோர்ந்துபோகும் காலம் இது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் முன்பள்ளிக்குப் போகும்போது நம்முடையது மட்டும் பின்தங்கிவிடுமோ என்ற பயம் இரவில் நித்திரையைக் கெடுக்கிறது. ஆகவே கேட்கிறேன். யாரைச் சந்தித்தபோது உங்களுக்குத் தெம்பு வந்தது? அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

கடல் அடங்கிக் கரைவலை இழுக்கும் மாதங்களில் காலையிலேயே பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். பெரியவனுக்கு இன்னும் ஐந்து வயது நிரம்பவில்லை. அன்று வலை கரையேறியதும், வலைக்குச் சொந்தக்காரரான வயதான சம்மாட்டி ஒருவர் அவனைப் பார்த்து, "தம்பிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டார். வீட்டில்தான் படிக்கிறான் என்றேன். எனக்கு அடுத்த கேள்வி என்ன வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார். "பாரை" என்றான். இன்னொன்று. "சூரை." மூன்றாவது ஒரு திருக்கை. அதன் வாலுக்குக் கிட்டக் கை போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

பிறகு ஒரு சின்னக் கூடை கீரிமீனை அவன் முன்னால் கவிழ்த்து, "இந்த நாலு பேருக்கும் சரியாகப் பங்கு வை பார்ப்போம்" என்றார். அவன் ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டே போனான். மணல் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தான். நாலு கூறும் சமமாக வந்து, மூன்று மீன் மிஞ்சியது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருக்கு?" என்றான். "அது வலைக்குப் பங்கு" என்றார் சம்மாட்டி. பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இவனுக்குக் கணக்கு வருகிறது. பயப்படாதே" என்றார்.

பயப்படுகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று இரவு யோவான் 21ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன என்ற இடம் வந்ததும் மகன் எழுந்து உட்கார்ந்து, "அதை யார் எண்ணினது? பேதுருவா?" என்று கேட்டான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருக்கிறார். யாரோ ஒருவர் குந்தியிருந்து மீனை எண்ணியிருக்கிறார். எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். அந்தக் கேள்வி ஒருநாளும் என் மனதில் எழுந்ததில்லை.

பாலையூற்றிலிருந்து:

எனக்குக் கிடைத்தது லூர்து அன்னை திருத்தலத்தில். மகளோடு செபம் முடித்து வெளியே வந்தபோது, முன்பு ஆசிரியையாக இருந்த ஒரு சிஸ்டர் பேச்சுக் கொடுத்தார். கொப்பியைக் காட்டச் சொன்னார். பையில் இருந்தது, கொடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதவைத்திருந்தேன். முதல் இரண்டு வரி வடிவாக இருந்தது. கீழே போகப் போக எழுத்து சரிந்து, கடைசி வரியில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது. சிஸ்டர் அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்து, "பாடம் இந்த இடத்தில் முடிந்துவிட்டது, மகள்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த வயதில் ஒரு பாடத்துக்குக் கால் மணித்தியாலமே தாராளம் என்பதை அந்த விரல் எனக்குக் காட்டிவிட்டது. இப்போது நல்ல எழுத்து இரண்டு வரி வந்ததும் கொப்பியை மூடிவிடுகிறோம். மிச்ச நேரம் முற்றத்து மணலில் குச்சியால் எழுதுகிறாள். அங்கே கிழிவதற்கு ஒன்றும் இல்லை.

மெதடிஸ்த சபையைச் சேர்ந்த ஒரு தாய், நகரத்திலிருந்து:

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, எங்கள் சபையின் மூத்த அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சொன்னார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கும் அவர் தம்பி சார்ல்ஸ் வெஸ்லிக்கும் தாய் என்று மட்டும்தான் அதுவரை அறிந்திருந்தேன். 19 பிள்ளைகளைப் பெற்றவர்; வளர்ந்து ஆளானவர்கள் 10 பேர். கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்த காலமும் உண்டு, வீடு எரிந்த காலமும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் அவர்தான். ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துகள், அதன்பின் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்திலிருந்து வாசிப்பு.

அவர் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் பாடசாலை நடத்தினார். அதைப் பார்த்து நாம் மலைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அவருடைய வீட்டில் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். நமக்குச் சமையலும் தண்ணீரும் பாலூட்டலும் நம் கையில்தான். நான் எடுத்துக்கொண்டது வேறொன்றை. வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, தனியாக இருத்திப் பேசுவாராம். ஜோனுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆளான பிறகும் ஜோன் அந்த வியாழன் மாலையைத் தாயிடம் நினைவூட்டி எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் மூத்தவனுக்குப் புதன்கிழமை. தங்கையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் டச்சுக்குடாப் பக்கம் நடக்கிறோம். முதல் புதன் முழுக்கக் கல் பொறுக்கினான், பேசவே இல்லை. இப்போது வீட்டில் கேட்காத கேள்விகளை அங்கே கேட்கிறான். செத்துப்போன பூனைக்குட்டி எங்கே போனது என்றுகூடக் கேட்டான். என்னால் இயன்றவரை பதில் சொன்னேன்.

மூதூரிலிருந்து:

என்னைத் தேற்றியவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் தாய். நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தந்தபோது, "காலையில் நீங்கள் பிள்ளைகளுக்கு வேதம் வாசிக்கிற சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கிறது, தங்கச்சி. அதை விட்டுவிடாதீர்கள்" என்றார். அவரும் தன் பிள்ளைகளைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இருத்தி ஓதப் பழக்குகிறவர். அன்றைக்கு நான் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் யோசனையில் இருந்தேன். மறுநாள் கொஞ்சம் உரத்தே வாசித்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓர் அம்மம்மா:

என் மகளும் உங்களைப் போலத்தான். நான் பள்ளிக்கூடத்திலேயே காலத்தைக் கழித்தவள். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, இப்போதும் முழுக்கச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு வயதுப் பேத்தி மாம்பழம் நறுக்கும்போது "முதலில் பாதி, பிறகு பாதியில் பாதி" என்று சொன்ன அன்று என் வாய் அடைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் தாய்மார் மறைத்து வைக்கக்கூடாது. நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்னர் 14 ஆக இருந்த மேல்வயதை 2016இல் உயர்த்தினார்கள். ஆகவே பிள்ளைக்கு ஐந்து நெருங்குமுன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். என் மகள் கொப்பிகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போனாள். அந்த அதிகாரி கதிரை போட்டு இருத்தி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார், கடுமையாகவும் கேட்டார். வெளியே வந்தபோது மகள், "அம்மா, இன்றைக்குத்தான் ஒருவர் என் வேலையை முழுசாகப் பார்த்தார்" என்றாள். பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இலவசமாக எடுக்கலாம்; தமிழிலேயே இருக்கின்றன. முதலாம் தரத்துப் புத்தகங்களை இப்போதே புரட்டிப் பார்த்தால் பாதிப் பயம் தீரும். பேத்தி ஐந்து முடிந்ததும் பள்ளிக்குப் போவாளா, வீட்டிலேயே தொடர்வாளா என்பதை மகளும் மருமகனும் செபித்து முடிவெடுக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டேன்.

அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி நாலு வயதுப் பிள்ளையின் தாயிடம் கேட்காதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து:

அம்மம்மா, உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

என்னுடைய சந்திப்பு பிரெட்ரிக் கோட்டைக்குள். மான்களைப் பார்க்கப் போயிருந்தோம். "ஏன் அந்த ஆண்மானுக்குக் கொம்பு இல்லை?" என்று மகன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தேநீர்க் கடையில் இருந்த ஒரு ஐயா, புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும் என்றும், புதிதாக முளைக்கும்போது மேலே மெத்தென்று தோல் மூடியிருக்கும் என்றும் விளங்கப்படுத்தினார். இரவு தகப்பன் வேலையால் வந்ததும் மகன் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான். தன் தலையில் இரண்டு விரலை வைத்து, விழுவதையும் முளைப்பதையும் நடித்துக் காட்டினான். இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லட் மேசன் (1842–1923) என்ற கிறிஸ்தவக் கல்வியாளர் இதைத்தான் வலியுறுத்தினார்: குறுகிய பாடம், வெளியே இயற்கையில் நிறைய நேரம், கேட்டதைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்வது. அதைப் படித்திருந்தும் எனக்கு நம்பிக்கை வந்தது, மகன் தலையில் விரலை வைத்த அந்த இரவில்தான்.

மழை ஓய்ந்ததும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக நினைத்திருக்கிறேன். நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். கிணறு ஏழு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். பிள்ளைகள் அளந்து எழுதட்டும். வெப்பமானி என்னிடம் இருக்கிறது. சமூக அறிவு, கணக்கு, குளிப்பு எல்லாம் ஒரே நாளில் முடியும். உப்புவெளி அக்கா, நீங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூதூரிலிருந்து வருகிறவர்களுக்கு நேரம் ஒத்துவரும் நாளை முதலில் சொல்லுங்கள், மற்றவர்கள் அதற்கேற்ப வருவோம். ஆளுக்கொரு கொப்பி, பென்சில், மாற்றுடுப்பு போதும். சாப்பாட்டுக்குப் புட்டும் சம்பலும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.